ஒரு பெற்றோர் கையெழுத்து

எங்கள் வீட்டுக்காரருக்கு இலவசம் என்றால் ஆகாது. ரொம்ப மானஸ்தர் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அய்யம்பேட்டையில் கல்யாண விருந்து என்றால் முதல் பந்தியிலும் உட்கார்ந்து, கூட்டாளி வந்துவிட்டான் என்று கடைசிப் பந்தியிலும் உட்கார்ந்தவர்தான். அமெரிக்கா வந்த பிறகுதான் இந்த வியாதி பிடித்தது. ஒருமுறை தீயணைப்பு நிலையத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் சைக்கிள் ஹெல்மெட் சும்மா கொடுத்தார்கள். எங்கள் மகள் மலீஹா அதை மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். இவர் அன்று சாயங்காலமே அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடையில் அதே நீல நிறத்தில் ஒன்று பதினெட்டு டாலருக்கு வாங்கி வந்தார்.

"ஏங்க, பிள்ளை மூஞ்சியப் பாருங்க. ஒரு தொப்பிக்கு இந்தப் பாடா?"

"அது கவர்ன்மென்ட் சாமான், ரஹ்மத். நாளைக்கு கிரீன் கார்டு இன்டர்வியூல கேட்டான்னா என்ன சொல்வே?"

ஹெல்மெட்டைப் பற்றி எந்த ஆபீசர் கேட்கப்போகிறான் என்று கேட்டால் பதில் வராது. பப்ளிக் சார்ஜ் என்று ஒரு சொல் வைத்திருந்தார். அரசாங்கத்துக்குப் பாரமாகிற ஆள் என்று அர்த்தம். அந்தப் பேர் வாங்கிவிட்டால் கிரீன் கார்டு கிடையாது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்பார். பள்ளிக்கூடத்தில் இலவசமாகத் தடுப்பூசி போட்டால் வேண்டாம் என்று எழுதி அனுப்புவார். நூலகத்தில் புத்தகம் எடுக்கலாமா என்று ஒரு வாரம் யோசித்த மனிதர் இவர். இப்போது சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

இந்தப் பயத்தை அவர் தனியாக வளர்க்கவில்லை. எதிர் பிளாக்கில் ஸ்ரீநிவாசன் என்று ஒருவர் இருந்தார். சம்பளத்துக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங், உண்மையான உத்தியோகம் இன்டர்நெட்டில் இமிக்ரேஷன் ஃபோரம் படிப்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்து, என் கையால் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே என் வயிற்றில் புளியைக் கரைப்பார்.

"நூர் பாய், ஒருத்தன் குழந்தைக்கு ஃப்ரீ பால் கூப்பன் வாங்கினானாம். கேஸ் க்ளோஸ்."

அந்த ஒருத்தனுக்குப் பேர் கிடையாது. ஊர் மட்டும் உண்டு. இந்த வாரம் ஃப்ரீமான்ட்டில் இருப்பான், அடுத்த வாரம் பிளெய்ன்ஸ்பரோவுக்குக் குடிபோயிருப்பான். லாயரைக் கேட்டால் என்ன என்று நான் சொல்லிப் பார்த்தேன். லாயர் கம்பெனி லாயராம். கேட்டால் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமாம். கேட்காமல் இருப்பதே புத்திசாலித்தனமாம். இரண்டு பேரும் எம்.சி.ஏ. படித்தவர்கள், சொல்லிக்கொள்கிறேன்.

இது 2007-ஆம் வருஷத்துக் கதை. அப்போது நாங்கள் பிளானோவில் இரண்டு படுக்கையறை அபார்ட்மென்டில் இருந்தோம். வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. நான் கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள். இருந்தும் புருஷன் வேலையை ஒட்டிக் கிடைக்கிற டிபென்டென்ட் விசாவில் வேலை பார்க்க முடியாது. அதனால் என் கையெழுத்துக்கு அந்த நாட்டில் வேலையே இல்லை. விசா நீட்டிக்கிற ஃபாரத்தில் மட்டும், இவர் விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போடுவேன்.

அந்த ஏப்ரலில் மலீஹா ஒரு ஃபாரம் கொண்டுவந்தாள். அவள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அடுத்த வருஷம் பன்னிரண்டாவது படித்துக்கொண்டே பக்கத்தில் இருக்கிற கம்யூனிட்டி காலேஜில் பாடம் எடுக்கலாம். பாஸ் பண்ணினால் அது பள்ளிக்கும் கணக்கு, பிறகு யூனிவர்சிட்டிக்கும் கணக்கு. ஃபீஸ், புத்தகம் எல்லாம், ஊர்ப் பள்ளிகளை நடத்துகிற பள்ளி டிஸ்ட்ரிக்ட் கட்டிவிடும். தேர்ந்தெடுத்தவர்களில் தமிழ்ப் பிள்ளை இவள் ஒருத்திதான்.

இது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால்தான் புரியும். கிரீன் கார்டு இல்லாத பிள்ளைக்கு ஃபெடரல் உதவி கிடையாது, முக்கால்வாசி ஸ்காலர்ஷிப்பும் கிடையாது. மலீஹாவுக்கு ஆஸ்டின் யூனிவர்சிட்டியில் போய்ப் படிக்க வேண்டும் என்று ஆசை. இவர் ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டு ஒரு நாள் என்னிடம் சொன்னார், "மூணு வருஷம்னா எப்படியாவது தள்ளிடுவேன் ரஹ்மத். நாலாவது வருஷத்துக்கு எங்க போவேன்?" அதை மலீஹா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பன்னிரண்டாவதிலேயே ஒரு வருஷப் படிப்பை முடித்துவிட்டால் மிச்சம் மூன்று வருஷம்தான். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவள், பிள்ளைகளுக்குப் படிப்பு ஆலோசனை சொல்கிற பள்ளி கவுன்சிலர் அறைக்குப் போய் நின்றிருக்கிறாள்.

இவர் ஃபாரத்தை முழுக்கப் படித்தார். கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்ற வரிக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டிஸ்ட்ரிக்ட் ஃபண்டுன்னா கவர்ன்மென்ட்தானே?"

"இட்'ஸ் ஜஸ்ட் ஸ்கூல், அத்தா," என்றாள் மலீஹா. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அத்தா, அம்மா இரண்டு மட்டும் தமிழில் வரும்.

"நானே ஃபீஸ் கட்டறேன்னு கேட்டுப் பாரு."

மறுநாள் கேட்டுவிட்டு வந்தாள். தனியாகக் கட்டுகிறவர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடம் கிடையாது, நாற்பது இடத்துக்கும் டிஸ்ட்ரிக்ட்தான் கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் வேண்டாம் என்றார் இவர். கோபமே இல்லாமல், தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே சொன்னார். "ஏழு வருஷம் பொறுத்தாச்சுமா. கார்டு வரட்டும். அப்புறம் நீ என்ன கேட்டாலும் செய்வேன்." அவள் சரி என்று ஃபாரத்தைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டாள். கதவைக்கூட அடித்துச் சாத்தவில்லை. அடித்துச் சாத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இவர் ஆபீஸ் போன பிறகு நான் அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்தேன். மேலே உருளைக்கிழங்குத் தோல் ஒட்டியிருந்தது. கீழே, பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்று போட்டிருந்தது. ஒருவர். நான் அதை மூன்று தடவை படித்தேன். இருவரும் என்று எங்காவது இருக்கிறதா என்று பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

சமையல் மேடையில் வைத்து இஸ்திரி போடுகிற மாதிரி கையால் தேய்த்து நீவினேன். போட்டுவிட்டேன். வாசலைப் பார்த்துக்கொண்டே போட்டதில் என் பேரின் கடைசி எழுத்து கோட்டைவிட்டுக் கீழே இறங்கிவிட்டது.

மலீஹாவிடம் கொடுத்தபோது அவள் என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்தாவுக்குத் தெரியாதா?"

தமிழில் கேட்டாள். தெரியாது, நீயும் சொல்லக்கூடாது என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள்.

ஜூலை மாதம் திடீரென்று கதவைத் திறந்துவிட்டார்கள். வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாரும் இப்போதே கிரீன் கார்டுக்குக் கடைசி விண்ணப்பம் போடலாம் என்று அறிவிப்பு. பிளானோவே பைத்தியம் பிடித்து அலைந்தது. ஃபோட்டோ கடையில் வரிசை, டாக்டரிடம் வரிசை. என் தம்பி கும்பகோணம் நகராட்சி ஆபீசில் போய் உட்கார்ந்து என்னுடைய பிறப்புச் சான்றிதழை வாங்கி கூரியரில் அனுப்பினான். எங்கள் டைனிங் டேபிளில் மூன்று விண்ணப்பங்கள், ஆளுக்கு ஒன்று. இவர் தலைமை தாங்கினார். ஒவ்வொரு கேள்வியாக விரல் வைத்துப் படித்துக் காட்டுவார், நாங்கள் கட்டத்தில் குறி போடுவோம்.

ஒரு கேள்வி வந்தது. அரசாங்கத்திடம், மாநிலத்திடம், ஊராட்சியிடம், எவரிடமிருந்தாவது பொது உதவி பெற்றதுண்டா?

"இதுதான் முக்கியமான கேள்வி," என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "நாம தைரியமா நோ போடலாம். எத்தனை பேரால முடியும் சொல்லு?"

நான் மலீஹாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பதினேழு வயசுப் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே நானும் போட்டேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியதிலிருந்து அக்டோபர் வரைக்கும் அந்த ரெண்டு மாதம் போல என் வாழ்க்கையில் வேறு இல்லை. செவ்வாய், வியாழன் காலையில் எட்டு மணி வகுப்பு. இவர் ஏழு மணிக்கே லெகசி ரோட்டுப் பக்கம் இருக்கிற ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். அவர் வண்டி திருப்பம் தாண்டியதும் நாங்கள் பழைய கரோலாவில் ஏறுவோம். டோல்வேயில் போனால் பன்னிரண்டு நிமிஷம். ஆனால் டோல் கணக்கு மாதம் பிறந்தால் இவர் கைக்கு வரும், ஒவ்வொரு வரியாகப் படிப்பார். அதனால் ஊரைச் சுற்றி, சிக்னல் சிக்னலாக நின்று முப்பத்தைந்து நிமிஷம் போவோம். ஒரு நாள் இவர் ஆயில் மாற்றப் போய் மீட்டரைப் பார்த்துவிட்டு, "இந்த வண்டி ராத்திரில தானா எங்கயாவது போய்ட்டு வருதா?" என்று கேட்டார். கறிக்கடைக்கு அலைகிறேன் என்றேன்.

அந்த முப்பத்தைந்து நிமிஷமும் மலீஹா பேசுவாள். வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிற பெண், வண்டியில் வாய் ஓயாது. அவள் எடுத்தது இங்கிலீஷும் புள்ளியியலும். புள்ளியியல் வாத்தியார் எப்படி நடப்பார், பக்கத்து இருக்கையில் இருக்கிறவர் கூரை போடுகிற வேலைக்காரர், பிள்ளை பெற்றவர், அவருக்குக் கணக்கு வராமல் இவளிடம் கேட்கிறார், எல்லாம் சொல்வாள். நான் கியரைப் பிடித்துக்கொண்டே அவளுக்கு நிகழ்தகவு விளக்குவேன். பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது அந்தக் கணக்கைத் தொட்டு, மறக்கவே இல்லை. ரமலான் மாதத்தில் இரண்டு பேரும் நோன்பு, விடியுமுன் சஹர் சாப்பிட்டுத் தூங்காமல் கிளம்புவோம், ஒருத்தி கொட்டாவி விட்டால் மற்றவளும் விடுவாள். வகுப்பு முடிகிற வரை நான் காலேஜ் நூலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். என் வயசுப் பெண்கள் பையை மாட்டிக்கொண்டு போவார்கள். என்னையும் மாணவி என்று நினைத்து ஒருத்தி பேனா கேட்டாள். அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் வைத்திருந்தேன்.

பெருநாள் முடிந்து அடுத்த வெள்ளிக்கிழமை லாயர் ஆபீசிலிருந்து போன் வந்தது. எங்கள் விண்ணப்பத்தில் இமிக்ரேஷன் ஏதோ விளக்கம் கேட்டிருக்கிறதாம். என்ன விளக்கம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. லாயர் ஊரில் இல்லை, திங்கட்கிழமை ஃபேக்ஸ் அனுப்புகிறோம் என்று வைத்துவிட்டாள்.

இவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. அன்றைக்குப் பார்த்து ஸ்ரீநிவாசன் டீ குடிக்க வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பாய், எதையாவது மறைச்சா மட்டும்தான் இப்படிக் கேப்பான். நீங்க க்ளீன், உங்களுக்கு என்ன?" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நல்ல ஆறுதல். நான் சமையலறையில் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு அவர் பாயிலேயே உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். பதினெட்டு வருஷத்தில் இரண்டாவது தடவை. முதல் தடவை அவருடைய அம்மா மௌத்தானபோது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னங்க, நீங்க ஒண்ணும் பண்ணல. பண்ணது நான். மலீஹா காலேஜ் போய்ட்டிருக்கா. ஏப்ரல்ல நான்தான் கையெழுத்து போட்டேன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம். "அப்ப ஜூலைல நீங்க ரெண்டு பேரும் நோ போட்டது பொய்யா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். எழுந்து போய்ப் பெரிய ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானம் மலீஹாவைக் கூப்பிட்டு, இனிமேல் போக வேண்டாம், நின்றுவிடு என்றார். செவ்வாய்க்கிழமை பரீட்சையாம், பாடத்தை விடுவதற்கும் அன்றைக்குத்தான் கடைசி நாளாம். வாத்தியாரிடம் கையெழுத்து வாங்கி ஆபீசில் கொடுக்க வேண்டுமாம். "செவ்வாய்க்கிழமை போய் முடிச்சுட்டு வந்துடறேன், அத்தா," என்றாள். முழு வாக்கியம், தமிழில். எனக்கு அது எப்படி இருந்தது தெரியுமா? வாய்விட்டு ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா இந்தப் பிள்ளை?

திங்கட்கிழமை ஃபேக்ஸ் வந்தது. காலேஜும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. என்னுடைய பிறப்புச் சான்றிதழில் பேர் இல்லையாம். எங்கள் ஊரில் பிள்ளை பிறந்ததும் பதிந்துவிடுவார்கள், பேர் வைப்பது பிறகுதான். நகராட்சி ஏட்டில் நான் இன்றைக்கும் வெறும் பெண் குழந்தை. பேர் போட்ட சான்று ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான் கேள்வி. நான் அந்த ஃபேக்ஸைப் பிடித்துக்கொண்டு பைத்தியக்காரி மாதிரி சிரித்தேன்.

இவர் சிரிக்கவில்லை.

"இன்னிக்குக் கேக்கல. நாளைக்கு இன்டர்வியூல சத்தியம் வாங்கிட்டுக் கேப்பான். அப்ப என்ன சொல்வே? நாளைக்குக் காலைல ஸ்கூலுக்குப் போறோம். இதுவரைக்கும் செலவானது முழுசும் செக்கா குடுத்துடலாம். கையெழுத்து போட்டவளும் வரணும்."

செவ்வாய்க்கிழமை மலீஹாவைப் பத்மராணி அக்கா கொண்டுபோய் விட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், மேல்மாடியில் குடியிருந்தவர், பல் டாக்டரிடம் வேலை. எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், "நீங்கள் போங்கோ, பிள்ளையை நான் பாக்கிறன்," என்றார். நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். இவர் பெருநாளுக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தார். சட்டைப்பையில் செக் புத்தகம்.

கவுன்சிலர் மிஸஸ் வில்கின்ஸ் அறுபது வயசு அம்மாள், மேஜை நிறைய பேரப்பிள்ளைகள் படம். மலீஹாவின் பேரைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. இவர் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை இங்கிலீஷில் ஒப்பித்தார். நாங்கள் அரசாங்க உதவி எதுவும் வாங்குகிறவர்கள் இல்லை, தெரியாமல் நடந்துவிட்டது, முழுத் தொகையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம், ஒரு ரசீது வேண்டும். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"உங்கள் மகள் எந்த வகுப்பிலிருந்து இந்த ஊரில் படிக்கிறாள்?"

"அஞ்சாம் வகுப்பு."

"அதற்கு யாராவது பில் அனுப்பினார்களா? பாடப் புத்தகத்துக்கு? பள்ளி பஸ்ஸுக்கு?"

ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்த மனிதர், தடுப்பூசி வேண்டாம் என்ற மனிதர், ஏழு வருஷமாகப் பிள்ளை சும்மாதான் படிக்கிறாள் என்பதை ஒரு நாள்கூட யோசித்ததில்லை. ஸ்ரீநிவாசனும் யோசித்ததில்லை. நானும்தான்.

"இதுவும் அதேதான். இது உதவி இல்லை, பள்ளிக்கூடம்," என்றார் அந்த அம்மாள். "நீங்கள் வாடகை கொடுக்கிறீர்கள் அல்லவா? உங்கள் வீட்டுச் சொந்தக்காரர் அதிலிருந்துதான் வரி கட்டுகிறார். கடையில் வாங்குகிற ஒவ்வொரு சாமானுக்கும் நீங்கள் வரி கட்டுகிறீர்கள். எங்களுக்குப் பணம் அங்கேயிருந்துதான் வருகிறது. இந்த செக்கை வாங்கிக்கொள்ள என்னிடம் ஒரு வழியும் இல்லை, மிஸ்டர் அகமது. நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள்."

பிறகு, சந்தேகம் இருந்தால் ஒரு லாயரைக் கேட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். இவர் அந்த அறையிலேயே உட்கார்ந்து, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, கம்பெனி லாயருக்குத் தானே போன் போட்டார். அந்த ஆள் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார். பள்ளிப் படிப்பு அந்தக் கேள்வியில் சேராது, நீங்கள் போட்ட பதில் சரி, நகராட்சிச் சான்றிதழை மட்டும் சீக்கிரம் அனுப்புங்கள் என்றாராம். இவர் தேங்க்யூ, தேங்க்யூ என்று நாலு தடவை சொன்னார்.

வண்டியில் ஏறி சாவியைப் போட்டவர் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"ஏழு வருஷமா விருந்தாளி வீட்டுல இருக்கற மாதிரி இருந்திருக்கேன், ரஹ்மத். ஃபிரிட்ஜத் திறக்கக்கூட பயந்துகிட்டு."

நான் மணியைப் பார்த்தேன். ஒன்பது ஆகப் பத்து நிமிஷம். "டோல்வேல போங்க," என்றேன். "ஒன்பதேகாலுக்கு வகுப்பு முடிஞ்சுடும். அவ நேரா ஆபீசுக்குப் போய்ப் பேப்பரக் குடுத்துடுவா."

அன்று அவர் ஓட்டிய வேகத்துக்கு எங்களை நிறுத்தி டிக்கெட் கொடுத்திருக்க வேண்டும். காலேஜில் எந்தக் கட்டடம், எந்த மாடி என்று நான் முன்னே நடந்தேன், இவர் பின்னால் வந்தார். வகுப்பு கதவில் நீளமாக ஒரு கண்ணாடி. பரீட்சை முடிந்திருந்தது. மலீஹா கூரை வேலைக்காரர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அவர் தாளில் பென்சிலால் ஏதோ வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் வயசு இருக்கும் அந்த மனிதருக்கு. அவர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார். இவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் மகள் பாடம் சொல்லிக் கொடுப்பதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

மணி ஒன்பதேகால் ஆனதும் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். எங்களைப் பார்த்ததும் மலீஹாவின் முகம் வெளுத்துவிட்டது. கையில் மஞ்சள் காகிதம், அதில் வாத்தியார் கையெழுத்து.

"ஐ'ம் டூயிங் இட், அத்தா. இதோ பாருங்க, சார் சைன் பண்ணிட்டார். ஆபீஸ் கீழதான் இருக்கு, இப்ப குடுத்துடறேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. பிறகு தமிழில் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. "எனக்கு ஆஸ்டின் வேண்டாம். என்னால நம்ம எல்லாரையும் திருப்பி அனுப்பிடக் கூடாது. அம்மாவத் திட்டாதீங்க."

ஆறு மாதமாக இதை மனசில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளை வண்டியில் அப்படிச் சிரித்துப் பேசியிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நிகழ்தகவு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இவர் கையை நீட்டி அந்தக் காகிதத்தை வாங்கினார். நாலாக மடித்துச் சட்டைப்பையில், செக் புத்தகத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"பரீட்சை எப்படி எழுதினே?"

"ஓகே... நல்லாத்தான்."

"அடுத்த கிளாஸ் எத்தனை மணிக்கு?"

"ஒன்பதரை. இங்கிலீஷ். பட் அத்தா, தி கிரீன் கார்டு..."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. கேட்டுட்டேன். இது நம்ம காசும்மா. நான் கட்டின காசு. போய் உக்காரு." குரல் உடைந்துவிட்டது. இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "பயந்துட்டியாடா," என்றார். அத்தனை பேர் போகிற வழியில் அவள் அவர் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். யாரும் நின்று பார்க்கவில்லை, நாகரிகமான பிள்ளைகள். கூரை வேலைக்காரர் மட்டும் போகிறபோது இவரைப் பார்த்து, "உங்கள் மகள் கெட்டிக்காரி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குள் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் நடைபாதையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். இவர் ஆபீசுக்குப் போன் பண்ணி, இன்று வரமாட்டேன் என்று சொன்னார். காரணம் கேட்டிருப்பார்கள் போல, குடும்ப விஷயம் என்றார். மூடின கதவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு வராத தைரியம் உனக்கு எப்படி வந்துச்சு ரஹ்மத், அந்தக் கையெழுத்து போட?"

"தைரியம் எங்க வந்துச்சு?" என்றேன். "பயந்துகிட்டேதான் போட்டேன்."